கண்ணாடியில் ஒரு கீறல்

அட்டைப்படம் காணாமல் போய் முப்பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. படம் வரையும் அண்ணன் தம்பி இருவரின் அறைக்குச் சப்-இன்ஸ்பெக்டர் அம்மா மாடியேறி வந்தபோது பகல் 2.10. அன்றைக்கு அவளுக்கு இது மூன்றாவது புகார். இன்னும் சாப்பிடவில்லை. முழங்கால் வலி வேறு.

அண்ணன் பென்சிலால் வரைந்து, அவரே ஸ்கேன் செய்து கொடுப்பார். தம்பி கணினியில் வண்ணம் தீட்டுவான். குழந்தைகள் புத்தகத்துக்கு இருபத்துநான்கு படங்கள். பென்சில் தாள்களையும் ஒப்படைக்க வேண்டும் என்பது பதிப்பாளரின் நிபந்தனை. பூட்டிய இழுப்பறையில் இருபத்துமூன்றுதான் இருந்தன. சாவி இவர்கள் இருவரிடம் மட்டும். தம்பிதான் எடுத்து விற்றிருப்பான் என்று பதிப்பாளர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். நான்கு மணிக்குள் தாள் வராவிட்டால் அவன் மேல் வழக்கு.

"எடுத்தீங்களா?"

"இல்ல மேடம். தாளை நான் பார்க்கக்கூட இல்ல. எனக்கு ஃபைல் வந்தா போதும்."

"அண்ணனோட சண்டையா?"

"தினமும்தான். ஸ்கேனர் கண்ணாடியில கீறல். எல்லாப் படத்துலயும் ஓரத்துல மயிரிழை மாதிரி ஒரு கோடு விழும். மாத்துங்கண்ணான்னு ஆறு மாசமா கத்துறேன். 'அழிக்கத்தானே உன்னை வெச்சிருக்கேன்'ம்பார்."

அண்ணன் மூலையில் உட்கார்ந்திருந்தார். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்து குடித்தார்.

"அலமாரியில அது என்ன பலகை?"

"பேனா மாதிரி ஒண்ணால திரையிலயே படம் வரையறது. போன வருஷம் நான் வாங்கிக் குடுத்தேன். அவர் தொடவே மாட்டார்."

அலமாரி முழுக்கத் தூசி. பலகையில் இல்லை.

2.40. "அண்ணன் குடுத்த ஃபைல்களை அப்படியே காட்டுங்க. நீங்க கைவைக்காதது."

ஒவ்வொன்றாகத் திறந்தான். ஒன்று முதல் இருபத்துமூன்று வரை, ஓரத்தில் அதே கோடு. இருபத்துநான்காவது அட்டைப்படம். பென்சில் சொரசொரப்பு இருந்தது. கோடு இல்லை.

அவள் தன் குறிப்பேட்டின் தாளைக் கிழித்து ஸ்கேனரில் வைத்தாள். கோடு விழுந்தது.

"அந்தப் படம் இந்தக் கண்ணாடியில படுக்கவே இல்ல" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "காணாமப் போகணும்னா மொதல்ல தாள்னு ஒண்ணு இருந்திருக்கணும். பென்சில் மாதிரியே வரையற வசதியும், கை எப்படி ஆடினாலும் கோட்டை நேராக்கிக் குடுக்கிற வசதியும் அந்தப் பலகையில இருக்கில்ல, தம்பி?"

"இருக்கு. ஆனா அண்ணனுக்கு அது எதுக்கு?"

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். கோப்பையைப் பார்த்தாள். அண்ணன் அதைக் கீழே வைக்கப் போனார். தட்டில் பட்டுக் கடகடவென்றது.

"தாளைக் காணோம்னு சொன்னப்ப உன்னை இழுப்பாங்கன்னு நான் நினைக்கலடா" என்றார்.

"என்னண்ணா சொல்றீங்க?"

3.05. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போகும்வரை அவர் காத்திருந்தார்.

"மூணு மாசமா என் கை நடுங்குதுடா."