கைப்பிடியில் தொங்கும் அட்டை

அட்டை சாப்பாட்டு மேசையின் மேல் கிடந்தது. ஃபெர்னாந்த் அதை எடுக்கத்தான் வாசல் கதவுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

கம்பளி அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாய்கூடக் கொப்பளிக்காமல் எழுந்து வந்தவள், விளக்கைப் போட்டதும் அப்படியே நின்றாள். முந்தின இரவு அதை வெளிக் கைப்பிடியில் மாட்டியதும், அட்டையின் ஓரம் விரலில் கீறியதும், திட்டிக்கொண்டே கதவைப் பூட்டியதும் நன்றாக நினைவிருந்தது. கதவு பூட்டியபடிதான் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் நாமே எடுத்து வந்திருப்போம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு காபி போட்டாள்.

மாண்ட்ரியலில், முதியவர்களுக்கென்றே வாடகைக்கு விடும் அந்தக் கட்டடத்தில் இது கண்டிப்பான வழக்கம். படுக்கப் போகும்போது அட்டையை வெளியே மாட்ட வேண்டும். விடிந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும். காலையில் நடையில் வரும் பணிப்பெண் நதேஜ், எந்தக் கதவிலாவது அட்டை தொங்கினால் தட்டுவாள். பதில் வராவிட்டால் சாவி போட்டுத் திறப்பாள். அட்டை இல்லையா, உள்ளே இருப்பவர் நலம் என்று தாண்டிப் போய்விடுவாள். கழுத்தில் மாட்டிக்கொள்ள அவசரப் பொத்தானும் உண்டு. நான் என்ன மாடா, மணி கட்டிக்கொண்டு திரிய என்று கேட்டு ஃபெர்னாந்த் அதை வாங்க மறுத்துவிட்டாள்.

சொந்த அடுப்பு, சொந்தச் சாவி. இந்த வீட்டுக்காக மகள் மரீஸோடு கோடை முழுக்க மல்லுக்கட்டியிருந்தாள். மரீஸுக்கு அம்மா ஏழாவது மாடியில் இருந்தால்தான் நிம்மதி. ஏழாவது மாடி நினைவு தப்பியவர்களுக்கானது. அங்கே கதவுகளுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. அட்டை தானாக உள்ளே வருகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாளே பெட்டியைக் கட்டிவிடுவார்கள்.

அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அட்டை நிற்கவில்லை. பனி விழ ஆரம்பித்த பிறகு அநேகமாக எல்லா விடியலிலும் அது மேசையில் இருந்தது, சதுரமாக, விளிம்போடு விளிம்பு ஒட்டி வைத்ததுபோல. கதவருகே ஈரக் கம்பளி உலர்கிற வாடை அடித்தது. சுவரடி ஹீட்டர் டிக் டிக்கென்று சூடேறும். தெருவில் பனி வாரும் வண்டி தரையைச் சுரண்டிக்கொண்டு போகும். இந்த இரண்டு சத்தங்களுக்கும் நடுவில் இன்னொன்று, யாரோ மூச்சை மெதுவாக விடுவதுபோல, அவள் காதைத் தீட்டினால் மட்டும் நின்றுவிடும்.

ஒருநாள் லிஃப்டில் எதிர்வீட்டு ஓமேர் கிழவரிடம், தன் வீட்டில் முன்பு இருந்தது யார் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். ஓமேர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு யோசித்தார்.

"நல்ல மனுஷி. அட்டையை எடுக்க ஒரு நாள்கூட மறந்ததில்ல. அவங்க செத்துக் கிடந்தாங்களே, அந்த வாரம்கூட மறக்கல."

அவர் சிரிக்கவில்லை. லிஃப்ட் நின்றதும் இறங்கிப் போய்விட்டார்.

அன்று கதவுச் சங்கிலியையும் மாட்டிவிட்டுப் படுத்தாள். காலையில் சங்கிலி மாட்டியபடியே இருந்தது. அட்டை மேசையில் இருந்தது.

மரீஸ் தொலைபேசியில் கூப்பிட்டபோது, இந்த வீட்டில் காற்று சரியில்லை என்று ஃபெர்னாந்த் மெல்ல ஆரம்பித்தாள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று மறுமுனையில் மகள் கேட்டாள். அந்தக் கேள்வியில் ஏழாவது மாடி இருந்தது. ஃபெர்னாந்த் சட்டென்று பட்டாணி சூப்பைப் பற்றிப் பேச்சை மாற்றினாள்.

ஆனால் பயம் ஒருவழியாக வீம்பைத் தின்று தீர்த்தது. நாளைக் காலை நதேஜிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது, மேலே அனுப்பினால் அனுப்பட்டும், அங்கே பக்கத்துக் கட்டிலில் மனிதர்கள் இருப்பார்கள் என்று முடிவெடுத்தாள். அட்டை தொங்கினால்தானே நதேஜ் தட்டுவாள்? அந்த ஏதோ ஒன்று அட்டையை எடுப்பதற்குள் கதவருகே போய் உட்கார்ந்துவிட வேண்டும். சன்னல் வெளுக்கும் முன்பே எழுந்தாள். விளக்குப் போடவில்லை. சத்தம் கேட்கக் கூடாதென்று செருப்பும் போடவில்லை. கால்விரல் கம்பளத்தின் மடிப்பில் மாட்டியது.

இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

கட்டிலருகே தரையில் பக்கவாட்டாகக் கிடந்தாள். கத்திப் பார்த்தாள்; தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. வலி அலையலையாக வந்து போனது. ஆனாலும், வெட்கமில்லாமல், ஒரு நிம்மதி. அட்டை வெளியே தொங்குகிறது. நதேஜ் வருவாள். தட்டுவாள். திறப்பாள். எதுவும் செய்ய வேண்டாம், கிடந்தால் போதும்.

சன்னல் வெளுத்தது. கன்னம் தரையில் பதிந்திருந்ததால் கட்டிலின் அடியில் அந்தப் பக்கம் வரை தெரிந்தது. அங்கே அவள் கழற்றிவிட்ட செருப்பு.

கட்டில் கிரீச்சிட்டது.

அவள் இப்போதுதான் எழுந்து வந்த கட்டில்.

அந்தப் பக்கத்தில் இரண்டு பாதங்கள் மெல்ல இறங்கின. வெளுத்து, ஊறிப்போய். செருப்பைத் துழாவின. மாட்டிக்கொண்டன. நடந்தன.

சங்கிலி நகர்ந்தது. பூட்டு. கதவு. நடையிலிருந்து சோப்பு வாசனையோடு நதேஜின் குரல் வந்தது.

"இன்னிக்கு என்னம்மா, நான் வர்ற நேரத்துக்கு எடுக்கறீங்க? எப்பவும் எனக்கு முந்திடுவீங்களே. கதவை நல்லாத் திறங்களேன், முகத்தைப் பாக்கறேன்."

"தலை சீவலம்மா. நல்லாத்தான் இருக்கேன். நீ போ."

அது ஃபெர்னாந்தின் குரல். அதே கரகரப்பு.

நதேஜ் சிரித்தாள். தள்ளுவண்டியின் சக்கரங்கள் உருண்டு தொலைவுக்குப் போயின. ஃபெர்னாந்த் நகத்தால் தரையைப் பிறாண்டினாள். அது ஓர் எலியின் சத்தம்கூட இல்லை.

தொலைபேசி மணி. மூன்றாவது மணியில் எடுக்கப்பட்டது.

"நல்லா இருக்கேன்டி மரீஸ். பனி இப்படிக் கொட்டுது, ஞாயித்துக்கிழமை நீ வராத. அடுத்த மாசம் பாத்துக்கலாம்... ஆமா, இந்த வீடு எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

வைக்கும் சத்தம்.

செருப்பு திரும்பி வந்தது. அவள் தலைமாட்டில் நின்றது. ஈரக் கம்பளி வாடை.

கட்டிலிலிருந்து போர்வை உருவப்பட்டது. அவள் கால்மேல் விழுந்தது. மிக மெதுவாக, ஒரு சுருக்கமும் இல்லாமல், மேலே இழுக்கப்பட்டது. முழங்கால். உடைந்த இடுப்பு. நெஞ்சு. கழுத்து.

பிறகு முகம்.

கம்பளிக்கு அடியில் அவள் கண் திறந்தே இருந்தது.