கம்ப்யூட்டருக்கு ஊற்றிய தீர்த்தம்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக ஏஞ்சலின் அண்ணனுடன் வீடியோ காலில் பேசவில்லை. போன் அடித்தால் போதும், ஒரு வாரம் தலைவலி என்பாள், ஒரு வாரம் வீட்டுப்பாடம் என்பாள்.

அண்ணன் அன்புராஜ் புனேவுக்கு வேலைக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. அதற்கு முன், புதுவாயல் வீட்டில், பழைய பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி ஒரு கம்ப்யூட்டர் செய்தான். அதன் சூட்டைத் தணிக்கத் கண்ணாடி போன்ற குழாய்களில் தண்ணீர் சுற்றிவரும். மாலையில் இருவரும் தரையில் படுத்துக்கொண்டு, அதில் ஓடும் குமிழிகளில் எது முந்தும் என்று பந்தயம் கட்டுவார்கள். அண்ணன் எப்படியோ தினமும் தோற்றுவிடுவான். அதை நினைத்தாலே ஏஞ்சலினுக்கு அழுகை வரும்.

"பத்ரமா பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவள் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துக்கொண்டாள். தண்ணீர் குறைந்ததும், அம்மா மாதா கோவிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை ஊற்றிவிட்டாள். கம்ப்யூட்டருக்கு நோய்நொடி வரக் கூடாதல்லவா?

சில நாளில் குழாயெல்லாம் பச்சைப் பாசி. இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

காலாண்டு விடுமுறை. அப்பா வேலை செய்யும் கேன் தண்ணீர் கம்பெனிக்குச் சாப்பாடு கொண்டுபோனாள்.

"நைனா, இந்தத் தண்ணி மட்டும் ஏன் பாசி புடிக்கல?"

"அந்த ஸ்டீல் பைப்புக்குள்ள யுவி லைட்டு எரியுது. பாசி, கிருமி எதுவும் தாங்காது. நம்ம கண்ணுக்கும் ஆவாது, அதான் மூடி வெச்சிக்கிறாங்க."

ஏஞ்சலின் யோசித்தாள். "நம்மூட்டு பழைய ஃபில்டர்லகூட சின்னதா ஒண்ணு இருக்குதே?"

"அது உனக்கு இன்னாத்துக்கு?"

உண்மையைச் சொன்னாள். அப்பா சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

அன்று மாலையே அப்பா குழாய்களைக் கழற்றினார். அவள் பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துக் கழுவினாள். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீரை நிரப்பி, ஃபில்டரில் விளக்கு எரியும் மூடிய குழாயை நடுவில் இணைத்தார்கள். அதன்பின் தினமும் எட்டிப் பார்த்தாள். பச்சை திரும்பவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனை அவளே எடுத்தாள். நடந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி, கேமராவைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பினாள்.

"பாருண்ணா, எப்டி சுத்தமா ஓடுது."

திட்டப் போகிறானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"அது எங்கியும் போய்டாது. போன உன் பக்கம் திருப்பு," என்றான் அன்புராஜ். "உன் மூஞ்சியப் பாத்து ஒரு மாசம் ஆவுது."

ஏஞ்சலின் திருப்பினாள். சார்ஜ் தீரும்வரை இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.