நாக்கில் பூண்டு

நாக்கின் அடியில் பூண்டு வாசம் ஏறியது.

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். அடுப்பில் எதுவும் இல்லை; வீட்டில் பூண்டு வாங்கியே வாரக்கணக்காகிறது; மூடிய ஜன்னல் வழியாக மத்தியான வெயிலும், எவர் வீட்டிலோ ஓடும் மோட்டாரின் உறுமலும் தவிர வேறெதுவும் உள்ளே வரவில்லை. ஆனாலும் இந்த வாசம் அவளுக்குப் பழக்கம். பிரசவம் சிக்கலாகி ஆபரேஷன் தியேட்டருக்கு அவசரமாகத் தள்ளிக்கொண்டு போன அன்று, நரம்பில் ஊசி ஏற்றியபடியே மயக்க டாக்டர் சொன்னார்: "நாக்குல பூண்டு வாசம் தட்டும்மா. பயப்படாதீங்க. அடுத்து கண்ணு முழிச்சா குழந்தைதான்."

கண் இருண்டது.

விழித்தபோது சோபாவில் கிடந்தாள். பக்கத்தில் குழந்தை. குளிப்பாட்டி, பவுடர் போட்டு, அவளுக்குக் கட்டவே வராத அந்த ஆஸ்பத்திரி முறையில் துணி சுற்றி, பால் மணக்க உறங்கியது.

வெளியூரில் வேலை பார்க்கும் கணவன் சனிக்கிழமைதான் வருவான், சொன்னால் சிரிப்பான். பிரசவ வார்டு நர்ஸுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். ரத்தப்போக்கு இருக்கிறதா, ஜுரம் இருக்கிறதா என்று விசாரித்த நர்ஸ், மருந்தெல்லாம் எப்போதோ உடம்பை விட்டுப் போயிருக்கும் என்றாள். தூக்கம் கெட்ட அம்மாக்களுக்குக் கை மட்டும் தனியாக டூட்டி பார்க்கும் என்று கிண்டலும் அடித்தாள்.

"பேசாம உங்க அக்காவை ரெண்டு நாள் வந்து இருக்கச் சொல்லுங்க."

"எனக்கு அக்காவே இல்லையே சிஸ்டர்."



"உங்களுக்கு ரத்தம் நிக்காம போயிட்டிருந்தப்ப கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்களே? நீங்க மயக்கத்துல இருந்தீங்க. குழந்தையை முதல்ல அவங்ககிட்டதான் குடுத்தோம்."

வாசலுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டபடியே இருந்தது. குழந்தையை வாரி எடுத்து மார்போடு இறுக்கி, முதுகைச் சுவரில் அழுத்தி உட்கார்ந்தாள். தையல் சுரீரென்றது. மோட்டார் நின்றுபோயிருந்தது. கூடத்தில் மெல்லிய ஸ்பிரிட் நெடி. ஈரப் பஞ்சின் வாடை. தூங்கக் கூடாது. குழந்தையைத் தரக் கூடாது.

பூண்டு.

உதட்டைக் கடித்தாள். ரத்தம் கரித்தது. அதையும் மீறிப் பூண்டு.

இமை பாதிதான் திறந்தது. கட்டிலில் கிடந்தாள். கை அசையவில்லை. கால் அசையவில்லை. மடி காலி.

குழந்தை பால் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஜன்னலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் ஒருத்தி. முதுகு தெரிந்தது. தன்னுடைய நைட்டி. தன்னுடைய பின்னல்.

போன் அடித்தது. நாற்காலியில் இருந்தவளின் கை எடுத்தது.

"சொல்லுங்க." தன்னுடைய குரலேதான். "இப்பதான் முழிச்சேன்."

திரும்பாமலே இன்னொரு கை பின்னால் நீண்டு வந்து, கட்டிலில் கிடந்தவளின் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டது. பழகிய பிடி.

கத்தப் பார்த்தாள். நாக்கு எழும்பவில்லை.

இன்னும் தலை நிற்காத குழந்தை தலையைத் தூக்கி, அந்தத் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தது. வேற்று ஆளைக் கண்டதுபோல் உதட்டைப் பிதுக்கியது. பிறகு முகத்தைத் திருப்பி, அங்கேயே புதைத்துக்கொண்டது.