ஆச்சு என்று சொன்ன இதயம்

நிலவில் குடியிருப்பவர்கள் காலையில் பல் துலக்கும் முன் இதயத்தை ஒருமுறை அணைத்துப் போடுவார்கள். பயப்படாதீர்கள். குறைந்த ஈர்ப்பில் பிறவி இதயம் சோம்பிவிடும் என்று அங்கே எல்லோருக்கும் செயற்கை இதயம்தான். அது மறுபடி எழும்வரை விலாவில் மாட்டிய சின்ன இறைப்பான் இரத்தத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்; சில நிமிடத்துக்கு மேல் அது தாங்காது.

கதவு, அடுப்பு, முழங்கால், இதயம் எல்லாவற்றுக்குள்ளும் ஒரு கருநிரல் உண்டு. எப்போது இயங்க வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் அடிப்படை நிரல் அது. கேட்டால் கருவி வாய்விட்டுப் பதிலும் சொல்லும். அதில் ஓட்டை கண்டால் அதை அடைக்கும் திருத்த நிரலாகப் பூமியிலிருந்து ஒட்டு வரும். வகைக்கொரு ஒட்டு. ஒருமுறை கதவின் ஒட்டு ஒருவர் முழங்காலுக்குப் போய்விட்டது. பாவம், யார் எதிரே வந்தாலும் அவர் பக்கவாட்டில் நகர்ந்து வழிவிட்டுக்கொண்டே இருந்தார்.

இந்தக் குழப்பம் வராமல் பார்ப்பதுதான் பகவதியின் வேலை. அன்று அவளுக்கே தலை சுற்றியது. எந்தக் கருவிக்கு ஒட்டுப் போட்டாயிற்று என்று காட்டும் பலகையில் எல்லாம் பச்சை. ஆனால் அவள் கணவன் ஆவுடையப்பனின் பழைய வகை இதயத்தைத் திறந்து பார்த்தால், உள்ளே பழைய கருநிரல் அப்படியே இருந்தது. மாலையில் நிலவின் நீண்ட இரவு தொடங்கி, இதயங்களுக்கும் சேர்த்து வரும் மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து சேமகலத்துக்கு மாறும். அப்போது அந்தக் கருநிரல் தடுமாறினால் இதயம் நின்றுவிடும்.

"ஒட்டுப் போட்டாச்சா?" என்று இதயத்தைக் கேட்டாள்.

"ஆச்சு."

"எப்போ?"

"ஆச்சு."

கதவைக் கேட்டாள். ஆச்சு. "உனக்கு இறக்கை ஒட்டு வந்துதே, போட்டாச்சா?" என்று இல்லாத ஒன்றைக் கேட்டாள். அதற்கும் ஆச்சு.

"என்னங்க இது, ஒண்ணுமே புரியலியே! மாத்திரை போட்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு" என்றான் ஆவுடையப்பன். மாத்திரை தட்டில் கிடந்தது.

பகவதி அவனையும் மாத்திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அட பாவி மனுசா! உங்ககிட்டதான் இதுக எல்லாம் படிச்சிருக்கு!"

"என்கிட்ட மட்டுமாட்டி? பூமியில இருந்து கேக்கையில நீ என்ன சொல்லுவே?"

அவளும் ஆச்சு என்றுதான் சொல்லுவாள். கேள்வி வந்தால் பதில் ஆச்சு என்று குடியிருப்பே பேசிப் பேசிக் கருவிகளுக்குப் பழக்கிவிட்டிருந்தது.

ஆச்சு என்று சொல்லிவிட்ட கருவிக்கு மறுபடி ஒட்டு அனுப்ப, பூமியில் உள்ள தலைமையகம் அந்த ஆச்சுவைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும். பூமிக்குப் பேசினாள்.

"நீக்கினா எங்க முழுப் பச்சை போயிடும் மேடம்" என்றார் அதிகாரி.

"இவர் இதயம் நின்னுடும் சார்!"

"அதெப்படி நிக்கும்? ஒட்டுப் போட்ட இதயமாச்சே! புகார் பதிஞ்சுக்குறேன், கவலைப்படாதீங்க."

பகவதி கணவனைச் சுவரோரம் உட்காரவைத்து, மருத்துவ அறையின் பெரிய இறைப்பானில் மாட்டினாள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் எழுந்து நடக்க முடியாது.

"எத்தனை நாளைக்குட்டி இப்படியே கட்டிப்போடுவே?"

"தெரியலியே" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விளக்குகள் மங்கிச் சேமகலத்துக்கு மாறின. அவன் நெஞ்சுக்குள் துடிப்பு நின்றது. சுவரில் இறைப்பான் மட்டும் ஓடியது. அப்போது பலகையில் பூமியிலிருந்து செய்தி வந்தது.

"உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"