சுத்தமான குச்சி

கொட்டகைக்குள் சத்தமே இல்லை. இந்த வாரம் முழுக்க லிம் சூ காங் பண்ணைகளின் கோழி இரைச்சல் காதுக்குள் தங்கி, பூன் லேயில் இருக்கும் தன் வீட்டுக்குப் போன பிறகும் யும்னாவைத் தூங்கவிடவில்லை. இன்றோ மின்விசிறிகளின் முனகலும், மூக்கை அரிக்கும் எச்ச நெடியும், வெளியே மழைக்கு இருண்டுகிடந்த பிற்பகலும்தான். கூண்டு கூண்டாகக் கோழிகள் கழுத்தை ஒரே பக்கமாய்ச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் மேலே எரிந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நேத்து வரைக்கும் காது கிழியும் லா, அக்கா. இன்னைக்கு யாரோ மைக்கைப் புடுங்கிட்டாங்க," என்றான் பண்ணை மேற்பார்வையாளன் ராஜீவ். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. சோதனையில் பறவைக் காய்ச்சல் கிருமி தெரிந்தால் கொட்டகைக் கோழிகள் அத்தனையையும் அழிக்க வேண்டியிருக்கும். அவன் வாசலைத் தாண்டி உள்ளே வரவேயில்லை.

நோய்ச் சோதனைக் குழுவிலிருந்து வந்திருந்த யும்னா மடக்கு மேசையை விரித்தாள். உடம்பெல்லாம் அசதி. காலையில் மகள் ஹனீனுக்கு இருமல், லேசான காய்ச்சல். தேக்கா சந்தையிலுள்ள கடையை இன்று திறக்க வேண்டாம் என்று கணவன் அதீஃபிடம் சொல்லி, மகளின் சுட்ட நெற்றியில் முத்தம் வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

கோழியின் தொண்டையைத் தடவிய குச்சியைத் திரவத்தில் கலக்கி, சோதனைப் பட்டையில் சொட்டுவிட்டால் சற்று நேரத்தில் விடை தெரிந்துவிடும். ஒரு கோடு என்றால் நோய் இல்லை. இரண்டு என்றால் உண்டு. பட்டைகள் ஈரத்தில் கெட்டிருக்கலாம் என்பதால் எதையும் தொடாத சுத்தமான குச்சியைத்தான் முதலில் சோதிப்பார்கள். அதற்கு என்றைக்கும் ஒரே கோடுதான்.

இன்று இரண்டு விழுந்தன.

வேறு பெட்டியைப் பிரித்தாள். முதல் முறை போலவே முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, குச்சியை உதட்டில் கவ்வியபடி குப்பியைத் திருகினாள். கை இரண்டும் வேலையாக இருந்தால் அவர்கள் குழுவில் எல்லாரும் செய்வதுதான். கவ்வியது பஞ்சு முனையையா, மறுமுனையையா என்று பார்க்கும் தெம்பு இல்லை.

மறுபடியும் இரண்டு.

அடுத்த குச்சியைக் கையால் மட்டும் எடுத்தாள். ஒரு கோடு.

பட்டைகள் கெடவில்லை.

உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் முத்தம் வைத்த உதடு. வீட்டுக்குப் போன் போட்டாள்.

அதீஃபின் குரலில் நிம்மதி இருந்தது. "இருமல் நின்னுருச்சு யும்னா. சத்தமே இல்ல. கழுத்தச் சாச்சு வச்சுக்கிட்டு லைட்டையே பாத்துட்டு இருக்கா. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்குறா. ஏதோ விளையாட்டு போல."

அவளைத் தொடாதீங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

போன் நழுவியது. அதற்குள்ளிருந்து அதீஃப் கூப்பிட்டான். வாசலிலிருந்து ராஜீவ் கூப்பிட்டான். குனிந்து எடுக்க வேண்டும். கழுத்து மடங்கவில்லை. ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. மெல்ல. தானாக.

ஒற்றைக் கண் நிறைய, விளக்கு.