இருபத்தோராவது பெயர்

அந்தக் குரல் முதல் முறை வந்தபோது உடையப்பன் குளியலறையில் நின்றுகொண்டிருந்தார். நிற்பதைத் தவிர அங்கே வேறு எதுவும் நடக்கவில்லை. கால் மணி நேரமாகச் சுவரைப் பார்த்தபடி, ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, அடிவயிறு கல்லாக இறுகியிருக்க, வராத மூத்திரத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார். வெளியே காலை ஒன்பது மணி வெயில். பின்பக்கச் சாக்கடை ஓரத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"பாப்பா..."

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் பெண் பிள்ளையைப் பாப்பா என்று கூப்பிடாத வீடு கிடையாது. அதற்காக அவர் தலையைத் திருப்பியிருக்க மாட்டார். திருப்ப வைத்தது கூப்பிட்ட விதம். முதல் எழுத்தை வெட்டி, கடைசி எழுத்தை இழுத்து, சட்டென்று நிறுத்தி, பதில் சொல்ல ஒரு மூச்சு இடம் விட்ட விதம். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பதினெட்டு வருஷம் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர் அவர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, தாளைப் பார்க்காமலேயே, தன் கூட்டத்து இருபத்தொரு பேரையும் அப்படித்தான் கூப்பிடுவார். அந்த வரிசையில் முதல் பெயர் பாப்பா. பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டிய அந்தப் பாப்பா செத்து ஒன்பது வருஷம் ஆகிறது.

"எவன்டா அது?" என்று பின்கதவை உதைத்துத் திறந்தார். சாக்கடை. கொடியில் மனைவி மங்களத்தின் சாரோங். ஆள் இல்லை. ரப்பர் பட்டையில் உறைந்த ஒட்டுப்பால் அழுகும் நாற்றம் மட்டும் லேசாக வந்தது. ஈப்போவில், சிமெண்டுக்கும் கார்ப் புகைக்கும் நடுவில், அந்த நாற்றத்துக்கு என்ன வேலை?

உடையப்பனுக்கு எப்போதும் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். முந்தின நாளிலிருந்து அது அங்கிருந்து இறங்கவே இல்லை. முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் அவருக்குச் சோதனை செய்தார்கள். முகப்பில் உட்கார்ந்திருந்த பையன், சட்டையில் ஜெயபாலன் என்று பெயர் குத்தியிருந்தது, தலையை நிமிர்த்தாமலே என்ன சீக்கு என்று கேட்டான். பெஞ்சில் பெண்கள் இருந்ததால் உடையப்பன் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"கேக்கல. சத்தமா சொல்லுங்க லா, பெரியவரே."

சொன்னார். பெஞ்சில் இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த நிமிஷமே அவனை அறைந்திருக்க வேண்டும் என்று இப்போதும் அவருக்குக் கை துடித்தது. அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். பேரன் வயசு டாக்டர் ஒருவன் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உறை போட்ட விரலை உள்ளே விட்டு, மூத்திரப் பைக்குக் கீழே உள்ள சுரப்பி கல் மாதிரி இருக்கிறது என்றான். பின்னாலேயே ஊசி குத்தி, நூல் நூலாகச் சதை எடுத்தான். கோலாலம்பூருக்கு அனுப்பிப் பார்க்கணும், மூன்று வாரம் ஆகும் என்றான். புற்றா என்று கேட்டதற்கு, ரிப்போர்ட் வரட்டும் என்று மட்டும் சொன்னான். மூன்று வாரம். பிழைப்பானா சாவானா என்று தெரிந்துகொள்ள ஒரு மனுஷனை மூன்று வாரம் காக்க வைப்பவர்களை என்ன செய்தால் தகும்?

மறுநாள் அதே ஒன்பது மணிக்கு வீரம்மாவின் பெயர் வந்தது. அதற்கு மறுநாள் கருப்பம்மாள். ஒரு நாளைக்கு ஒரு பெயர், வரிசை பிசகாமல். பக்கத்து வீட்டு வானொலிதான் என்று போய்ச் சண்டை போட்டார். அவர்கள் வானொலியை எடுத்துக் காட்டினார்கள், பேட்டரியே இல்லை. பின் ஜன்னலை ஆணி அடித்து மூடினார். குரல் சாக்கடையை விட்டுக் கொடிக்கு வந்தது. கொடியை விட்டுக் கதவுக்கு வந்தது. எட்டாம் நாள் நவமணியின் பெயருக்குப் பதிலும் வந்தது. "வந்தேங்க" என்று ஒரு பெண் குரல், அதன் பின்னால் பால்வாளியைத் தரையில் வைக்கும் சத்தம். நாற்றம் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. மங்களத்திடம் கேட்டால், எனக்கு ஒரு நாத்தமும் இல்லைங்க என்றாள். அவர் கால்சட்டையில் ரத்தச் சொட்டு காய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல ஊற வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் குரல் வீட்டுக்குள்ளேயே கேட்டது.

"மங்களம்..."

அவள் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. கை நிற்கவில்லை.

"வந்தேங்க" என்றாள்.

அவர் அடுப்படிக்குப் பாய்ந்தார். இப்போது என்ன சொன்னாய் என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். ஒன்றும் சொல்லவில்லையே என்றாள். அவள் முகத்தில் பொய் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் அந்தக் கூட்டத்தில் மரம் வெட்டியவள்தான். பன்னிரண்டாவது ஆள். அவர் அடித் தொண்டையிலிருந்து கத்தினார். கத்தி ஓய்ந்த பிறகு அவள் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு நிதானமாகப் பேசினாள்.

"ஐயாவு ஞாபகம் இருக்குங்களா?"

"அவன் பேச்ச எடுக்காத."

"அன்னிக்கு நானும் சிரிச்சேங்க. சிரிக்கலன்னா எங்களையும் ஏசுவீங்க. அதான் எல்லாரும் சிரிச்சோம்."

அவருக்கு மறந்தால்தானே. அறுபத்திரண்டாம் வருஷம், மழை மாதம். சீக்கு என்று சொல்பவர்கள் வரிசையில் நிற்கக் கூடாது, ஆபீஸ் சுவரோரம் தனியாக நிற்க வேண்டும். கூட்டத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்த ஐயாவு அன்று சுவரோரம் நின்றான், அடிவயிற்றில் கையை அழுத்திக்கொண்டு. பெண்கள் நின்றதால் மெதுவாகச் சொன்னான். சத்தமாகச் சொல்லுடா, பொம்பளைகளுக்கும் கேட்கட்டும் என்றார் உடையப்பன். அவன் சொன்னான். ஒண்ணுக்கு வரலீங்க, ரெண்டு நாளாச்சு. களமே சிரித்தது. போய் மரத்தை வெட்டு, பால் வந்தால் அதுவும் வரும் என்று அனுப்பிவைத்தார். மூன்றாம் நாள் அவனுக்கு ஒதுக்கிய மர நிரையிலேயே, மரத்தைக் கட்டிப் பிடித்தபடி செத்துக் கிடந்தான். வயிறு மேளம் மாதிரி இருந்தது.

இருக்கட்டுமே. அவர் என்ன கொலையா செய்தார்? மருந்து கொடுக்கும் டிரஸர் இருந்தான், கணக்கு எழுதும் கிராணி இருந்தான், தொரை இருந்தான், அவர்களையெல்லாம் விட்டுவிட்டு மண்டோர் வீட்டுக்குத்தானா வரவேண்டும்? அவருக்கு வெட்கம் வரவில்லை, வெறிதான் வந்தது. இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருந்தார். இருபதாம் நாள் ராமையா. இருபத்தோராம் நாள் ஐயாவு. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அதே தேதிதான் போட்டிருந்தது.

அந்தக் காலையில் ஒன்பது அடித்தது. குரல் வரவில்லை. ஒன்பதரை. இல்லை. நாற்றமும் இல்லை. மூன்று வாரத்தில் முதல் முறையாக உடையப்பன் சிரித்தார். சட்டை மாற்றிக்கொண்டு, மங்களத்தையும் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. மேலே காற்றாடி கிறீச்சிட்டுச் சுற்றியது. டெட்டால் வாசம். மங்களம் இடம் பார்த்து உட்காரப் போனாள். அவர் முகப்புக்குப் போய்ச் சீட்டை நீட்டினார்.

ஜெயபாலன் தலை நிமிரவில்லை. கையில் பழுப்பு உறை ஒன்று இருந்தது. அதன் மேல் அவர் பெயர். மூன்று வாரமாக அவரைத் தின்ற காகிதம் அதற்குள்தான் இருந்தது. அதை வாங்கக் கையை நீட்டினார்.

உறை நகரவில்லை.

"ஐயாவு..."

ஜெயபாலன் வாய்தான் அசைந்தது. குரல் அவனுடையது இல்லை. நாற்பது வயசு உடையப்பனின் குரல். முதல் எழுத்தை வெட்டி, கடைசி எழுத்தை இழுத்து.

"வந்தேங்க" என்றது சுவரோரம்.

டெட்டால் வாசம் போயிருந்தது. ஒட்டுப்பால். ஈர மண். பின்னால் வாளிகள் ஒவ்வொன்றாகத் தரையில் உட்கார்ந்தன. அவர் எண்ணினார். எண்ணாமல் இருக்க முடியவில்லை. பத்தொன்பது. இருபது. அதற்குப் பிறகு ஒரு மூச்சு இடம்.

"உடையப்பன்..."

அந்த வரிசையில் என்றுமே இல்லாத பெயர்.

"என்ன சீக்கு?"

அவர் சொன்னார். உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கல. சத்தமா சொல்லுடா."

அடிவயிறு இறுகியது. கை தானாகப் போய் அங்கே அழுத்திக்கொண்டது. அப்போதுதான் திரும்பினார்.

பெஞ்சுகள் இல்லை. பட்டப்பகலில், விடியுமுன் மரம் வெட்டக் கட்டும் விளக்குகள் நெற்றியில் எரிய, பால் காய்ந்த துணியோடு, வரிசை பிசகாமல் நின்றார்கள். பாப்பா. வீரம்மா. கருப்பம்மாள். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சுவரோரம் ஐயாவு தனியாக நின்றான். அவரைப் பார்த்து, பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு, நகர்ந்து இடம் விட்டான்.

பன்னிரண்டாவது இடத்தில் மங்களம் நின்றாள். நெற்றியில் விளக்கு. வாய் பாதி திறந்திருந்தது. அவர் சொல்லி முடித்ததும் சிரிப்பதற்காக அவளும் காத்திருந்தாள்.