சாட்சி சொன்ன நூல்

ஆமைக்கு அலுத்துப் போயிருந்தது.

நிஜ ஆமை இல்லை, பத்து வயதுச் சிறுமி. சாப்பாட்டு மேசையில் எப்போதும் கடைசி என்பதால் தம்பி வைத்த பெயர் அது. வீடே அதைப் பிடித்துக்கொண்டது.

"சீக்கிரம் சாப்பிடுடி! உன்னோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்ல" என்பார் அம்மா. வேலை முடிந்து வருகிறவர், பாவம், அவருக்கும் அலுப்புதான்.

"நெஞ்சுக்குள்ள சிக்குதும்மா."

"எல்லாம் சாக்கு!"

சொல்லிச் சொல்லி வாய்தான் வலித்தது. ஆமை சொல்வதையே விட்டுவிட்டாள்.

எடை ஏறவே இல்லை என்று பள்ளியில் சொன்ன பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தார்கள்.

"சாப்பாடு சிக்குதாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

ஆமை வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "அதெல்லாம் இல்ல டாக்டர். வெறும் பிடிவாதம்."

ஆமைக்கு அழுகை முட்டியது. நான் சொல்வதை நம்ப ஒரு ஆள்கூடவா இல்லை?

"சரி, நூலைக் கேட்டுப் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா. அவர் கையில் ஒரு மாத்திரை. அதற்குள் நீளமான நூல் சுருண்டிருந்தது.

"நூல் நுனியைக் கன்னத்துல ஒட்டிடுவேன். நீ மாத்திரையை முழுங்கணும். ஒவ்வாமையால உணவுக்குழாய் வீங்கியிருந்தா, அங்கே இருக்கிற சில வெள்ளை அணுக்கள் ஒரு புரதத்தைக் கசிய விடும். நூல் அதை உறிஞ்சிக்கும். ஒரு மணி நேரம் கழிச்சு வெளியே இழுத்துப் பரிசோதிப்போம்."

"முழுங்க முடியலன்னா?" என்றாள் ஆமை.

"மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டுத்தான் பார்க்கணும்."

டாக்டரம்மா நூல் நுனியை ஒட்டியதும் ஆமை மாத்திரையை வாயில் போட்டாள்.

"ம்... ஒரே முழுங்கு!" என்றார் நர்ஸ். அவள் அவசரமாக விழுங்கப் பார்த்தாள். மாத்திரை பாதியிலேயே திரும்பி வந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர்.

"சீக்கிரம் முழுங்குடி!" என்றார் அம்மா.

"அம்மா, கொஞ்சம் சும்மா இருங்க. என் போக்குல விடுங்க" என்றாள் ஆமை.

ஆமை முதலில் வெறும் தண்ணீரைக் குடித்தாள். காத்திருந்தாள். மோவாயை நெஞ்சோடு சேர்த்து, மாத்திரையோடு இன்னொரு வாய் தண்ணீர். மெல்லத் தோளைக் குலுக்கினாள். மறுபடி தண்ணீர்.

மாத்திரை போயே போய்விட்டது!

"அடேயப்பா! யார் சொல்லிக் கொடுத்தா?" என்றார் நர்ஸ்.

"யாருமில்ல. தினமும் இப்படித்தான் சாப்பிடறேன்."

டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா மகளின் கன்னத்தில் ஒட்டியிருந்த நூலைப் பார்த்தார்.

"ஒவ்வொரு வாய்க்குமா?"

ஆமை தலையாட்டினாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அழாதீங்கம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்? வெளியே தெரியாதே" என்றாள் ஆமை. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நூல் வெளியே வரும்வரை விடவில்லை.

சில நாளில் முடிவு வந்தது. நூலில் அந்தப் புரதம் நிறையவே இருந்தது.

"நீ சொன்னது அத்தனையும் நிஜம்" என்றார் டாக்டரம்மா. "எந்தச் சாப்பாடு ஒத்துக்கலன்னு இனி கண்டுபிடிப்போம். மருந்தும் இருக்கு."

ஆமைக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அன்று இரவு தம்பி வழக்கம்போல் முதலில் எழுந்தான். "ஆமை இன்னிக்கும் கடைசி!"

"இல்லடா" என்று அம்மா தன் தட்டைக் காட்டினார். அதில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நீ மெதுவா சாப்பிடு கண்ணு. எனக்கும் அவசரமில்ல."

அன்றைக்கு அந்த வீட்டில் கடைசியாகக் கை கழுவியது அம்மாதான்.